அனுப்பிய விண்ணப்பத்தில் தப்பு தெரிந்தால்: யுபியு, மெட்ரிக், தனியார் கல்லூரி – எதை எங்கே, எந்த வரிசையில் திருத்துவது

மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம் எழுதிய பிள்ளைகளுக்கு, அரசுப் பல்கலைக்கழக இடங்களுக்கான பொது விண்ணப்பமான யுபியு பாரம் நிரப்ப உதவி செய்யும் ஆள் நான். பினாங்கின் பட்டர்வொர்த், பிறை, கெலுகோர் பக்கத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். பாரம் நிரப்பும்போது தப்பு வருவது சகஜம். அதைத் திருத்தப் போய் இன்னொரு தப்பு செய்வதுதான் பெரிய தலைவலி. வரிசை தெரியாமல் கை வைப்பதால் வரும் வினை அது.

வழி முழுவதற்கும் ஒரே விதி: தகவல் எங்கிருந்து வந்ததோ, அங்கே போய்த்தான் திருத்த வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்ததை நீங்களே மாற்றலாம். பள்ளி கொடுத்ததைப் பள்ளிதான் மாற்றும். பிறப்பையும் அடையாள அட்டையையும் பதியும் தேசியப் பதிவிலாகாவில் இருப்பதை அந்த இலாகாதான் மாற்றும்.

தொடங்கும் முன் கையில் என்ன வேண்டும்

மாணவரின் மைகாட் (ஐசி, அதாவது அடையாள அட்டை), பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம் முடிவுச் சீட்டு (வந்திருந்தால்), பள்ளி விடுகைச் சான்றிதழ், கோக்கு (புறப்பாட) சான்றிதழ்கள், அம்மா அப்பா இருவரின் ஐசி, இருவரின் அண்மைய சம்பளச் சீட்டு. இவற்றோடு விண்ணப்பத்தை அனுப்பியதும் கிடைத்த உறுதிச் சீட்டு.

விண்ணப்பத்தில் கொடுத்த கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். சைபர் கஃபேயில் நிரப்பிய பாரங்களில் கடைக்காரரின் மின்னஞ்சல் இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளி முடிந்ததும் பிரீபெய்ட் எண்ணை மாற்றிவிடும் பிள்ளைகளும் உண்டு. கடவுச்சொல் மறந்துபோனால் அதை மீட்கும் வழி அந்த எண்ணும் மின்னஞ்சலும்தான்.

1. எதையும் மாற்றும் முன் இருப்பதைப் படம் எடுங்கள்

தப்பைப் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். உள்ளே போய் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உறுதிச் சீட்டையும் பிடிஎஃப் ஆகச் சேமித்து, தேதி போட்டுப் பெயர் வையுங்கள்.

முதலில் அனுப்பியது என்ன, பிறகு மாற்றியது என்ன என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட இது வேண்டும். திருத்தியபின் பழைய பக்கத்தைத் திரும்பப் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் வரும் பெரிய தவறு, "முதல் விண்ணப்பம் கெட்டுப்போச்சு, புதுசா ஒண்ணு போடலாம்" என்று இன்னொரு கணக்கு திறக்கப் பார்ப்பது. யுபியுவில் எல்லாம் ஐசி எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. ஓர் ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான், அதற்குள்ளேயேதான் திருத்த வேண்டும். தனியார் கல்லூரியிலோ இரண்டாவது பாரத்தையும் வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் எந்தப் பாரத்தை நம்புவது என்று அவர்களுக்கே குழப்பம், பதில் தள்ளிப்போகும்.

2. தப்பு யாருடைய கையில் இருக்கிறது என்று பிரியுங்கள்

ஒரு தாளில் தப்புகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பக்கத்திலேயே அந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள்.

முகவரி, கைப்பேசி, மின்னஞ்சல், குடும்ப வருமானம், படிப்புத் தேர்வுகள்: இவை நீங்கள் போட்டவை. எஸ்.பி.எம் மதிப்பெண் தேர்வு வாரியத்திலிருந்து வருவது. புறப்பாட மதிப்பெண், அதாவது பிஏஜேஎஸ்கே, பள்ளி ஏற்றியது. பெயரும் ஐசி எண்ணும் தேசியப் பதிவிலாகாவின் பதிவோடு ஒத்துப்போக வேண்டியவை.

மலாயில் சுருக்கமாக 'ஜேபிஎன்' என்று சொல்லும் இலாகாக்கள் இரண்டு. ஒன்று மாநிலக் கல்வி இலாகா, மற்றது பதிவிலாகா. "ஜேபிஎன் போய்க் கேளு" என்று ஆசிரியர் சொன்னால் எது என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பினாங்கில் கல்வி இலாகா கெலுகோர், புக்கிட் கம்பீர் சாலையில் இருக்கிறது. பெயர்த் திருத்தத்துக்கு அங்கே போய் வரிசையில் நின்றால் ஒரு காலை வீணாகும்.

3. எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்

எஸ்.பி.எம் மாணவர்களுக்கு யுபியு வழக்கமாகத் தேர்வு முடிவுக்கு முன்பே திறக்கும். முடிவு வந்ததும் 'கெமாஸ்கினி' என்று திருத்துவதற்கு ஓர் அவகாசம் கொடுப்பார்கள். அந்த அவகாசம் ஓடிக்கொண்டிருந்தால் நீங்களே உள்ளே போய் மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். மூடிவிட்டால் கடிதம்தான். இடம் கிடைத்தபின் தெரிந்தால் பல்கலைக்கழகத்தோடுதான் பேச்சு.

இறுதி நாளை உயர்கல்வி அமைச்சின் இணையப் பக்கத்திலேயே பாருங்கள். வாட்சாப்பில் சுற்றும் படங்கள் பல போன வருடத்தவை. நள்ளிரவு வரைக்கும் நேரம் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். சாயங்காலம் 5 மணிக்கே மூடுவதும் உண்டு, கடைசி மதியத்தில் தளம் ஆமை வேகத்தில்தான் நகரும்.

4. உள்ளே போய்த் திருத்தும் வரிசை

எல்லாரும் முதலில் படிப்புத் தேர்வுகளுக்குத்தான் ஓடுவார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

முதலில் கைப்பேசியும் மின்னஞ்சலும். நடுவில் கணக்கு பூட்டிக்கொண்டால் திறக்கும் சாவி அவை. அடுத்து ஐசி எண்ணும் அங்கா கிலிரான் எனும் தேர்வு எண்ணும். உங்கள் எஸ்.பி.எம் முடிவை இழுத்து வருவது அந்தத் தேர்வு எண்தான். எழுத்தும் இலக்கமும் கலந்திருப்பதால் சுழியத்தையும் ஆங்கில 'ஓ'வையும் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். முடிவு காலியாகவோ வேறு மாதிரியோ தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஐசியைச் சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம்: பினாங்கு 07, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. தம்பிக்கு இரட்டைப்படையில் முடிந்தால் அக்காவின் ஐசியைப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது வருமானமும் குடும்ப விவரமும். எல்லாம் சரியானபின் படிப்புத் தேர்வுகள். எந்தப் படிப்புக்குத் தகுதி என்று பார்ப்பது உங்கள் முடிவுகளை வைத்துத்தான். அடித்தளத் தகவல் தப்பாக இருக்கும்போது தேர்வுகளை அடுக்கினால் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டிவரும்.

ஒரு சின்ன மாற்றம்தானே என்று பக்கத்தைச் சேமித்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். கடைசிப் பக்கம் வரை போய் மறுபடி அனுப்புங்கள். புதிய உறுதிச் சீட்டு கையில் வந்தால்தான் வேலை முடிந்தது. அந்தச் சீட்டை வரி வரியாக வாசியுங்கள், முடிந்தால் இன்னொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தன் தப்பு தன் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது.

5. பெயர்: ஏ/எல், ஏ/பி விவகாரம்

நம் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. ஐசியில் பெயர், ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்பா பெயர் என்று இருக்கும். சிலர் அதை விட்டுவிடுகிறார்கள். சிலர் சாய்கோட்டை மட்டும் விடுகிறார்கள். இன்னும் சிலர் முகநூலில் எழுதும் எழுத்துக்கூட்டலைப் போட்டுவிடுகிறார்கள்.

ஐசியில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து போடுங்கள். தாத்தா காலத்துக் கிராணி 'லெட்சுமி'யை எப்படிக் கூட்டினாரோ அப்படியே. அது தப்பு என்று உங்களுக்குத் தோன்றினாலும் விண்ணப்பப் பாரம் அதைத் திருத்துகிற இடம் இல்லை.

கல்லூரித் தளம் சாய்கோட்டை ஏற்காமல் ஏஎல் என்று சேர்த்து அச்சிட்டால் பதறாதீர்கள். அது அவர்கள் மென்பொருளின் பழக்கம், ஐசி எண் சரியாக இருந்தால் ஆள் மாறாது. ஆனால் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தாலும் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

எஸ்.பி.எம் சீட்டிலேயே பெயர் தப்பு என்றால் யுபியுவில் என்ன மாற்றியும் பயனில்லை. பள்ளி அலுவலகத்தில் சொல்லி, ஐசி நகலோடு தேர்வு வாரியத்துக்குத் திருத்த மனு போட வேண்டும். பிறப்புச் சான்றிதழும் ஐசியும் ஒத்துப்போகாவிட்டால் அதற்கும் முன்னால் பதிவிலாகா. இது நாள் பிடிக்கும். அதற்காக விண்ணப்பத்தை நிறுத்தி வைக்காதீர்கள். இருக்கிற ஐசிப்படி அனுப்பிவிட்டு, மனு கொடுத்த ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

6. கோக்கு மதிப்பெண்: பள்ளிக்குத்தான் போக வேண்டும்

யுபியு தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு பாடங்களுக்கு, 10 விழுக்காடு புறப்பாடத்துக்கு. ஒரே தரத்தில் பலர் போட்டி போடும் படிப்புகளில் அந்தப் பத்தில் ஒன்றிரண்டு புள்ளியே உள்ளே வெளியே என்று தீர்மானிக்கும்.

சாரணர் இயக்கத்தில் தலைவராக இருந்தவரின் பதிவில் வெறும் உறுப்பினர் என்று இருக்கும். மாநில அளவில் ஓடியது மாவட்ட அளவு என்று பதிவாகியிருக்கும். இதை நீங்கள் பாரத்தில் மாற்ற முடியாது. சான்றிதழின் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரைப் பாருங்கள்.

நேரில் போங்கள். "டீச்சர், என் கோக்கு மார்க் குறைவு" என்று வாட்சாப் அனுப்பினால் வேலை நடக்காது. எந்த வருடம், எந்த நடவடிக்கை, பதிவில் என்ன இருக்கிறது, சான்றிதழில் என்ன இருக்கிறது என்று நான்கு வரி எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம். பள்ளி விடுமுறைக்கு முன்பே போய்விடுங்கள்.

7. குடும்ப வருமானம்

மொத்தச் சம்பளமா, கைக்கு வருவதா? ஓவர்டைம் சேர்க்கணுமா? அம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறாரே? பெற்றோர் எல்லாரும் கேட்பவை இவை. பாரத்தில் அந்தக் கட்டத்தின் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தை வாசித்து, அது கேட்பதை மட்டும் போடுங்கள். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கழித்தபின் வரும் தொகையை மொத்தச் சம்பளம் என்று போடுவதுதான் அடிக்கடி நடப்பது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஷிஃப்டில் மாதத்துக்கு மாதம் சம்பளம் ஏறி இறங்கும். கேட்கப்பட்ட மாதத்துச் சீட்டையே ஆதாரமாக வையுங்கள், சராசரி போட்டுக் குழப்பாதீர்கள். சம்பளச் சீட்டே இல்லாத வேலை என்றால் வருமான உறுதிக் கடிதம் கேட்பார்கள். யார் கையெழுத்திடலாம் என்று அந்தப் பாரத்திலேயே இருக்கும்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பி40 பிரிவில் வர வேண்டும் என்று தொகையைக் குறைத்துப் போடச் சொல்லும் 'நல்லவர்கள்' எங்கும் இருக்கிறார்கள். அனுப்பும்போது நீங்கள் டிக் செய்யும் உறுதிமொழியில், பொய்த் தகவல் என்று தெரிந்தால் சேர்ந்தபின்னும் இடத்தை ரத்து செய்யலாம் என்று இருக்கிறது. ஏற்கெனவே அப்படிப் போட்டிருந்தால், அவகாசம் முடியும் முன் முதலில் திருத்த வேண்டியது அதுதான்.

8. பன்னிரண்டு தேர்வுகளும் வளாகமும்

யுபியுவில் 12 தேர்வுகள் வரை போடலாம். திருத்தும்போது பெயரைப் பார்த்து மாற்றாதீர்கள், குறியீட்டைப் பார்த்து மாற்றுங்கள். ஒரே பெயரில் பல இடங்களில் படிப்பு இருக்கும், ஒன்றுக்கு நேர்முகம் இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றாலே வீட்டிலிருந்து போய்வரலாம் என்று நினைக்கிறார்கள். மருந்தாக்கவியல் கெலுகோரில், மின்டன் வளாகத்தில்தான். பொறியியல் நிபோங் தெபாலில். மருத்துவம் கிளந்தான், குபாங் கெரியானில்! விடுதிச் செலவு, பஸ் செலவு எல்லாம் அங்கேதான் மாறுகிறது. தேர்வை இறுதி செய்யும் முன் வளாகத்தின் பெயரை அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

சிறப்புத் தகுதியையும் பாருங்கள். ஒரு படிப்பு கணிதப் பாடத்தில் கிரெடிட் தேர்ச்சி கேட்கிறது, உங்களிடம் இல்லை என்றால் அந்த வரி வெறும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆசைப்படும் சில படிப்புகள் மேலே, முடிவுக்குப் பொருந்துபவை நடுவில், நிச்சயமாகத் தகுதி உள்ளவை கீழே என்று அடுக்குங்கள். ஆனால் கிடைத்தாலும் போக மாட்டேன் என்கிற படிப்பைக் கடைசி வரியில்கூட வைக்காதீர்கள், அதுவே வந்து நிற்கும்.

9. அவகாசம் மூடிவிட்டால்: எழுதும் முறை

இப்போது யுபியுவின் புகார்ப் பகுதி வழியாகவோ மின்னஞ்சலிலோ எழுத வேண்டும். கதை எழுதாதீர்கள். அங்கே வாசிப்பவர் தேடுவது நான்கே விஷயம்: யார், எந்தக் கட்டம், போட்டது என்ன, சரியானது என்ன.

இப்படி எழுதலாம், மலாயில்: "என் ஐசி எண் இது, விண்ணப்ப எண் இது. தந்தையின் மாத வருமானம் என்ற பகுதியில் 25,000 ரிங்கிட் என்று போட்டுள்ளேன். சரியான தொகை 2,500 ரிங்கிட். ஆதாரமாகச் சம்பளச் சீட்டை இணைத்துள்ளேன். திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான். தலைப்பில் ஐசி எண்ணும் 'தகவல் திருத்தம்' என்பதும் இருக்கட்டும். ஆதாரத்தை ஒரே பிடிஎஃபில் சேருங்கள், மங்கலான கைப்பேசிப் படங்கள் வேண்டாம்.

எல்லாத் தப்புகளையும் ஒரே கடிதத்தில் சொல்லுங்கள். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று அனுப்பினால் ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைக்குப் போகும். வந்த புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். தொலைபேசியில் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள்.

மாற்றித் தருவார்களா? தொடர்பு எண் மாதிரி விவரங்களுக்கு நம்பிக்கை வைக்கலாம். படிப்புத் தேர்வுகளை மூடியபின் மாற்றக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "உள்ளே ஆள் இருக்கு, ஐந்நூறு வெள்ளி கொடுங்க" என்று வருபவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், கடவுச்சொல்லையும் கொடுக்காதீர்கள்.

10. மெட்ரிக்கும் தனியார் கல்லூரியும் தனித்தனி

யுபியுவில் திருத்தியது, பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பான மெட்ரிக்குக்குப் போகாது. யுபியு உயர்கல்வி அமைச்சின் கீழ், மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் கீழ். இரண்டுக்கும் விண்ணப்பித்தவர் இரண்டிலும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஒரே தப்பு இரண்டிலும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், ஒரே கைதானே நிரப்பியது!

தனியார் கல்லூரியில் வேலை எளிது. சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டால் பெரும்பாலும் திருத்திவிடுவார்கள். ஆனால் உங்களைச் சேர்த்துவிட்ட முகவரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது கணக்கில் வராது. எழுத்தில் கேளுங்கள், திருத்திய சேர்க்கைக் கடிதத்தைப் புதிதாக வாங்குங்கள், கட்டணம் கட்டும் முன்பே.

11. இடம் கிடைத்தபின் தெரிந்தால்

முதலில் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பதில் சொல்லாவிட்டால் மறுத்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். "தப்பைத் திருத்திய பிறகு ஏற்கிறேன்" என்று காத்திருந்து இடத்தை விட்ட பிள்ளைகள் உண்டு.

மேல்முறையீடு, அதாவது ரயுவான், தப்பைத் திருத்தும் வழி இல்லை. இடம் மீதியிருக்கும் படிப்புகளுக்குக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு அது. குறுகிய காலமே திறந்திருக்கும். தப்பான தகவலால்தான் இடம் போனது என்று நினைத்தால் புகாரைத் தனியாக அனுப்புங்கள், ரயுவானையும் தவறாமல் போடுங்கள். ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தாதீர்கள்.

ஏற்றபின், பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் பெயரோ ஐசியோ தப்பாக இருந்தால் பதிவு நாள் வரை விட்டுவைக்க வேண்டாம். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் மற்ற எல்லாம் ஓடுகிறது: பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கு மாணவர் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், அப்பாவின் இபிஎஃப் செஜாதெரா கணக்கிலிருந்து படிப்புக்குப் பணம் எடுக்கவும் இதே கடிதம்தான். மூன்று இடத்திலும் பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வங்கிக் கணக்கும் மாணவர் பெயரிலேயே இருக்க வேண்டும்.

பதிவு நாளுக்கு அசல்கள், நகல்கள், பழைய உறுதிச் சீட்டு, புதிய உறுதிச் சீட்டு, புகார் எண், வந்த பதில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் இதே வரிசையில் வைத்து எடுத்துப் போங்கள். மேசையில் இருப்பவர் கேட்டதும் எடுத்துக் காட்ட முடிந்தால் அங்கேயே திருத்திக் கொடுத்துவிடுவதும் உண்டு.